சம்பந்தியம்மா சாய்த்த சீட்டு

மே 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் நலம். ரத்தக்கொதிப்பு பழைய இடத்திலேயே நிற்கிறது. உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவும். உங்கள் வீட்டுக்காரரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் போனில் பேசுவது எனக்குத் தோதுப்படாது. தபாலாபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். கேட்க வேண்டியதை எழுதிக் கேட்பதுதான் எனக்குச் சரி.

விஷயம் இதுதான். நேற்று என் மகன் போனில் படமாக வந்து முகம் பார்த்துப் பேசினான். உங்கள் மகள் ஆகஸ்டிலிருந்து வேலைக்குத் திரும்புகிறாளாம். நம் பேத்தி உருண்டையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிகளும் வர வேண்டுமாம். டிசம்பரில் குழந்தை பிறந்தபோது வந்த மாதிரியே இரண்டு பேருக்கும் ஒரே விமானத்தில் டிக்கெட் போட்டுவிடு என்றேன். அவன் மென்று முழுங்கிவிட்டு, "அத்தை அப்புறமா தனியா வராங்களாம்மா. உன்கூட வேணாம்னு சொல்லிட்டாங்க," என்றான்.

என்கூட வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம் பேசிய நாளிலிருந்து உங்களிடம் ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசியவள் இல்லை நான். போன தடவை நீங்கள் பாதியில் கிளம்பிவிட்டீர்கள். வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார் என்றீர்கள். நம்பினேன். இப்போது யோசித்தால் அதுவும் இடிக்கிறது.

நடுவில் விமானம் மாற வேண்டிய ஊரில் எனக்கு ஒரு துணை வேண்டும். அதை மறைக்காமல் சொல்கிறேன். காரணத்தை எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


கடவுள் துணை
மே 17

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் தபாலில் ஒரு கடிதம் வருவதே அதிசயம். எங்கள் வீட்டுக்காரர் கரன்ட் பில் என்று நினைத்து டிவியின் மேல் வைத்துவிட்டார். தூசி துடைக்கும்போதுதான் என் பெயரைப் பார்த்தேன்.

உங்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கால்தான் காரணம். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. சாமி கும்பிட நின்றால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். கூட வருகிறவர்களுக்கு என்னால் தொந்தரவு வேண்டாமே என்றுதான் மகளிடம் அப்படிச் சொன்னேன். அவள் அதை எப்படிச் சொன்னாளோ, மாப்பிள்ளை எப்படிச் சொன்னாரோ.

இங்கே எப்போதும் போல. காலையில் சமையல், மத்தியானம் துணி, சாயங்காலம் பிரார்த்தனை, அப்புறம் அன்றைய செலவை எழுதி வைத்தால் நாள் முடிந்தது. அவர் சாய்வு நாற்காலியில் டிவியைப் பார்த்தபடி இருப்பார். எங்களுக்குள் பேச்சு என்றால் ரிமோட் எங்கே என்பதுதான். மகள் இருந்த அறையை வாரம் ஒருமுறை பெருக்குகிறேன். பெருக்க அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

விமானத்தில் எல்லாருக்கும் கால் நீட்ட இடம் கிடைப்பதில்லை, சம்பந்தியம்மா. கிடைக்கிறவர்களுக்கு அது தெரிவதும் இல்லை. சரி, அதை விடுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


மே 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

"சரி, அதை விடுங்கள்" என்று எழுதினால் யாரால் விட முடியும்? குத்திக் காட்டுவதானால் நேராகக் குத்துங்கள். முத்திரை குத்திப் பழகியவள் நான், தாங்கிக்கொள்வேன்.

என் சீட்டைச் சாய்த்ததைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான்தானே. சாய்ப்பதற்கென்றே கைப்பிடியில் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது அந்த சீட்டுக்காரரின் உரிமை. நான் சாய்ந்தால் நீங்கள் சாயலாம், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் சாயலாம். வரிசையாக எல்லாரும் சாய்ந்தால் எல்லாருக்கும் அதே இடம்தான். கவுன்டர் வரிசை மாதிரி, ஒருவர் ஒரு எட்டு நகர்ந்தால் பின்னால் இருப்பவர்களும் நகர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இதற்காகவா ஒரு மனுஷி ஐந்து மாதமாகப் பேசாமல் இருப்பாள்? அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிமிர்த்தியிருப்பேனே. பதில் எழுதுங்கள். அடுத்த வாரம் டிக்கெட் போட வேண்டும் என்கிறான் மகன்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


கடவுள் துணை
ஜூன் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேராகச் சொல்லச் சொன்னீர்கள். எழுதி எழுதிக் கிழித்துப்போட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

இரண்டு பேருமே சன்னலோரம் கேட்டோம். அதனால் மாப்பிள்ளை முன்னும் பின்னுமாகப் போட்டுக்கொடுத்தார். வெளியே நல்ல வெயில். ஆனால் சாப்பாடு கொடுத்த கையோடு சன்னல்களை மூடச் சொல்லி, விளக்கையும் அணைத்து, பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டார்கள். நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள். என் தட்டை இன்னும் எடுத்துப் போகவில்லை. டீயை வாய்க்குக் கொண்டுபோகிறேன், உங்கள் சீட்டு ஒரே சாய்ப்பாகச் சாய்ந்து வந்தது. டீ முழுக்க மடியில். படம் காட்டும் திரை என் மூக்குக்கு நேரே. முட்டி இரண்டும் இடுக்கில் மாட்டிக்கொண்டன. காலடியில் இருந்த பையிலிருந்து பிரார்த்தனைப் புத்தகத்தை எடுக்கக்கூடக் குனிய முடியவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். "சம்பந்தியம்மா, சீட்டைக் கொஞ்சம் நிமித்திக்கிறீங்களா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னேன். நீங்கள் திரும்பவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த தாடிக்கார இளைஞர் இதைப் பார்த்துவிட்டு, தட்டி எழுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி, அவர்கள் என் சம்பந்தி என்றேன். "தெரிஞ்சவங்கன்னா கேக்கிறது இன்னும் சுலபம்தானேம்மா?" என்றார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

சரி, நானும் சாய்ந்துகொள்வோம் என்று பொத்தானில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. அவள் குழந்தையின் தலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். நான் கையை எடுத்துவிட்டேன். வரிசையாக எல்லாரும் சாயலாம் என்றீர்களே, அப்படி நடப்பதில்லை, சம்பந்தியம்மா. யாராவது ஒருவரிடம் வந்து அது நின்றுவிடும். அந்த வரிசையில் அது என்னிடம் நின்றது.

அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு முட்டியையும் உங்கள் சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினேன். உறைக்கட்டும், எழுந்திருக்கட்டும் என்றுதான். வலித்தால் கொஞ்சம் விடுவேன், மறுபடி அழுத்துவேன். வாய் சாமி பெயரைச் சொல்கிறது, முட்டி இந்த வேலையைச் செய்கிறது. நீங்கள் அசையவே இல்லை. இறங்கும்போது சோம்பல் முறித்துவிட்டு, "நல்லா தூங்கினேன் சம்பந்தியம்மா, நீங்க?" என்று கேட்டீர்கள். நானும் தூங்கினேன் என்றேன். பெண்ணைக் கொடுத்தவள் வேறென்ன சொல்ல முடியும்?

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கால் வீங்கியது, ரத்தம் உறைந்திருக்கிறது என்றார் டாக்டர். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தேன். என் மகள் பெற்ற குழந்தையை எட்ட இருந்தே பார்த்தேன். அது எந்நேரமும் உங்கள் மடியில். தொட்டிலில் போட்டீர்களா? பாயில் விட்டீர்களா? கொஞ்ச நேரம் என் பக்கத்தில் படுக்க வையுங்களேன் என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "இருக்கட்டும், என்கிட்டயே இருக்கட்டும்," என்றீர்கள். விமானத்தில் என் இடத்தில் சாய்ந்தது போதாதென்று வீட்டிலும் என் இடத்தில் சாய்ந்துகொண்டீர்கள்.

உருண்டைக்கு உங்கள் வாசனை தெரியும். என் வாசனை தெரியாது. டாக்டர் பயணம் போகலாம் என்றதும் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரருக்காக ஒன்றும் இல்லை. அவர் நான் திரும்பி வந்ததை மறுநாள்தான் சரியாகக் கவனித்தார்.

உங்களோடு இன்னொரு தடவை என்னால் ஏற முடியாது. மன்னிக்கவும்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூன் 24

சம்பந்தியம்மா,

நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. என் இரண்டு காதும் போய்விட்டன. கருவி மாட்டியிருக்கிறேன். முடியைக் காதுக்குமேல் இறக்கிச் சீவுவது அழகுக்கு அல்ல. என் மகனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும் தெரியும். கருவி இல்லாவிட்டால் ஒன்றுமே கேட்காது என்பது தெரியாது. கருவி இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசினால்தான் கேட்கும் என்பதும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

விமானத்தின் இரைச்சல் கருவிக்குள் புகுந்தால் மண்டையைக் குடையும். அதனால் ஏறி உட்கார்ந்ததுமே கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். கழற்றினால் எனக்கு உலகம் கிடையாது. விளக்கையும் அணைத்ததும் பயம் வந்துவிட்டது. இந்த வயதில் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் உங்கள் தட்டு இருக்கும் என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அப்போது என் முதுகில் ஏதோ அழுந்தியது.

எங்கள் வீட்டில் அவர் இருந்தவரை முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். பகலெல்லாம் சண்டை போட்டாலும் படுக்கையில் அந்த முதுகு இருக்கும். அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் விட்டுப்போயிற்று. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். சுவர் சில்லென்று இருக்கிறது. முதுகுக்குத் தலையணை வைத்துப் பார்த்தேன். அது நழுவிவிடுகிறது.

விமானத்தில் என் முதுகில் பட்டது உங்கள் முட்டி என்று எனக்குப் புரிந்தது. கொஞ்சம் விலகும், மறுபடி வந்து அழுந்தும். நான் தனியாகப் பயந்துகொண்டிருப்பது சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, நான் இருக்கிறேன் என்று பின்னாலிருந்து சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நிமிர்ந்தால் அது போய்விடுமே என்று அசையாமல் கிடந்தேன். அவர் போன பிறகு நான் தூங்கிய தூக்கம் அது ஒன்றுதான். கோபத்தில் அழுத்தும் முட்டியும் பாசத்தில் அழுத்தும் முட்டியும் முதுகுக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நான் என்ன செய்வேன்?

உங்கள் கால் நொந்து கிடைத்த தூக்கம் என்று இப்போது தெரிகிறது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன்.

குழந்தை விஷயமும் அதேதான். கீழே விட்டால் அது அழுவது எனக்குக் கேட்காது. மடியில் இருந்தால் அழும்போது அதன் உடம்பு அதிரும், எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் பக்கத்தில் படுக்க வைத்தால் அது சிணுங்கும், நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்கள், நான் திரும்ப மாட்டேன், என் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பயத்தில்தான் கொடுக்கவில்லை. உங்கள் இடத்தைப் பிடிக்க அல்ல.

என் மகனுக்குத் தெரிந்தால் குழந்தையை என்னிடம் விட மாட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. உங்கள் மகளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு மட்டும் டிக்கெட் போட்டாயிற்று. காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஆகஸ்ட் 12

சம்பந்தியம்மா,

மகன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பதில் போடவில்லை. போடுவீர்கள் என்று கிளம்பும் நாள் வரை தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். அது நான் வேலை பார்த்தபோது அடுத்தவர்கள் செய்து பார்த்த வேலை. அவர்களைப் பார்த்து அப்போது சிரித்திருக்கிறேன்.

வந்து சேர்ந்துவிட்டேன். நடுவில் விமானம் மாறும் இடத்தில் ஒலிபெருக்கி சொல்வது ஒன்றும் புரியவில்லை. என் விமானத்துக்கான வாசலில் காத்திருப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால்கள் எல்லாம் எழுந்தபோது நானும் எழுந்தேன்.

சீட்டில் உட்காரும் முன் இந்தத் தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன். நல்ல உயரமான பெரியவர் ஒருவர், காலை மடக்க இடமில்லாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். விமான இரைச்சலில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றே வைத்துக்கொண்டேன். வந்து சேரும்வரை குச்சி மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள்.

இங்கே இவர்கள் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருகிறார்கள். உருண்டை இப்போது மடியில் நிற்பதில்லை. தவழுகிறாள். எங்கே போகிறாள் என்று தெரியாது, எதற்கு அழுகிறாள் என்றும் தெரியாது. ஒரு பழைய துண்டின் ஒரு முனையை அவள் இடுப்பில் தளரக் கட்டி, மறு முனையை என் மணிக்கட்டில் முடிந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் நகர்ந்தால் என் கை இழுபடும். அவர்கள் வரும் நேரத்துக்கு முன்னால் அவிழ்த்துவிடுவேன்.

முந்தாநாள் முடிச்சு நழுவியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நான் அவளுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மேஜைக் காலடியில் கிடந்து, முகமெல்லாம் சிவந்து அழுதுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் அழுதாளோ. நெற்றியில் புடைப்பு. உங்கள் மகள் சாயங்காலம் அதைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நேற்று என் மகன் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அப்படியானால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே என் வீட்டில் அந்தச் சுவர் இருக்கிறது.

வாருங்கள் என்று சொல்ல எனக்கு முகமில்லை. ஆனால் அவள் அழுவதைக் கேட்க இந்த வீட்டில் ஒருவர் வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


கடவுள் துணை
ஆகஸ்ட் 27

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. கோபப்பட்டது உண்மை, வலித்தது உண்மை. அதே முட்டியால் நீங்கள் தூங்கியதும் உண்மை. இவற்றை எந்தப் பக்கம் எழுதுவது, எதை எதில் கழிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கணக்கு நேராகாத நாளில் நான் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை, அப்படியே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். இதையும் அப்படித்தான் போட்டு வைத்துவிட்டேன். அதற்குள் நீங்கள் தனியாகப் போய்விட்டீர்கள். அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களுக்குக் காது கேட்கவில்லை. என் வீட்டில் நன்றாகக் காது கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார். நான் கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் வருகிறேன். செப்டம்பர் இரண்டாம் வாரம். மகளிடம் பேசிவிட்டேன். காலுக்கு இறுக்கமான காலுறை ஒன்று கொடுத்திருக்கிறார் டாக்டர். விமானத்தில் அடிக்கடி எழுந்து நடந்தால் போகலாம் என்றார். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், ரொட்டி எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார். பிழைத்துக்கொள்வார்.

முன்னால் இருப்பவர் சாய்த்தால் இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்பதாக இருக்கிறேன். வீட்டுக்காரரின் சாய்வு நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் நிமித்துங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பயந்துபோய் எழுந்தே நின்றுவிட்டார். சத்தம் போதும் என்று நினைக்கிறேன்.

நான் வரும்வரை குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு இரண்டாகப் போடுங்கள். வந்த பிறகு அந்தத் துண்டைத் துவைத்துப் போட்டுவிடலாம். அழுவதை நான் கேட்கிறேன், எனக்கு அந்தக் காது இருக்கிறது. தூக்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு அந்த மடி இருக்கிறது, என்னால் இன்னும் கனம் தூக்க முடியாது. ஆனால் கொஞ்ச நேரமாவது என் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காது விஷயத்தைப் பிள்ளைகளிடம் நாமே சொல்லிவிடுவோம். உங்கள் குட்டு வெளிப்படட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். இரண்டு பேராகப் பார்த்துக்கொள்கிறோம் என்றால் காப்பகப் பேச்சு நின்றுவிடும் என்று கடவுளை வேண்டிக்கொண்டிருக்கிறேன். நிற்காவிட்டாலும் சேர்ந்தே திரும்புவோம்.

திரும்பும் டிக்கெட்டுக்கு மகள் இப்போதே கேட்டாள், பக்கத்துப் பக்கத்து சீட்டு போடட்டுமா என்று. வேண்டாம், போன தடவை மாதிரி முன்னும் பின்னுமாகவே போடு, ஆனால் சன்னல் வேண்டாம், நடைவழி ஓரமாகப் போடு என்றேன். ஏன் என்று கேட்டாள். எங்களுக்கு அது பழகிவிட்டது என்றேன். வலது காலை நடைவழியில் நீட்டிக்கொள்வேன். இடது முட்டியில் ஒரு தொந்தரவும் இல்லை.

என் தட்டை எடுத்துப் போன பிறகு உங்கள் தோளைத் தொடுகிறேன். அப்புறம் காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். நான் பின்னால்தான் இருப்பேன்.

உங்கள் மருமகளின் அம்மா